கட்டவிழ்க்கிற வேலை

நாங்கள் போய்ச் சேருவதற்குள் கயிறு வந்து சேர்ந்திருக்கும். மாட்டுக்கயிறு, கிணற்றுக்கயிறு, துணி காயப்போடும் நைலான் கயிறு, எதுவும் அகப்படாத வீட்டில் பழைய சேலை. புதுக்கோட்டை மாவட்டத்தில் 108 ஆம்புலன்ஸில் அவசரகால மருத்துவ உதவியாளராகப் பல வருடம் ஓடியவன் நான். எங்கள் பேச்சில் இ.எம்.டி.; வண்டி ஓட்டுகிறவர் பைலட். 'ஒரு மாதிரி பண்றாக, வெரசா வாங்க' என்று கூப்பிட்ட வீடுகளில் பெரும்பாலும் நான் முதலில் பார்த்தது மணிக்கட்டில் விழுந்திருக்கும் முடிச்சைத்தான்.

அப்படிச் சொல்லிக் கூப்பிடுகிறவர்களே குறைவு. 'மயங்கிட்டாக', 'ஃபிட்ஸ் வந்துருச்சு', 'நெஞ்சு வலிக்குதாம்' என்றுதான் போனில் சொல்வார்கள். புத்தி சரியில்லை என்று சொன்னால் ஆம்புலன்ஸ் வராது, போலீஸ்தான் வரும் என்ற பயம். இறங்கிப் பார்த்தால் நெஞ்சுவலிக்காரர் தென்னை மரத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டு, எங்களையே முறைத்துக்கொண்டிருப்பார்.

கட்டியவர்களைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. இரண்டு மூன்று ராத்திரி கண்மூடாத குடும்பம் அது. ரோட்டுப் பக்கம் ஓடினால் லாரி, தோட்டத்துப் பக்கம் ஓடினால் கிணறு. ஆள் உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் கட்டுகிறார்கள். ஆனால் அந்தக் கட்டோடு அப்படியே தூக்கி ஸ்டிரெச்சரில் போட்டுக்கொண்டு கிளம்புவது சிகிச்சை ஆகாது. மனநெருக்கடியில் இருப்பவரிடம் ஆம்புலன்ஸ்காரன் செய்ய வேண்டிய முதல் வைத்தியம் கட்டை அவிழ்ப்பது என்பதும், அதைத் துணிச்சலாக அல்ல, வரிசைப்படி செய்ய வேண்டும் என்பதும் என் கட்சி. எல்லா இ.எம்.டி.களும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அடி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு.

வரிசை என்றேன். தெரு முனையிலேயே சைரனை நிறுத்த வேண்டும். சிவப்பு விளக்கும் வேண்டாம். பைலட் வண்டியைத் திருப்பி, ரோட்டைப் பார்த்து நிறுத்தி, பின்கதவைத் திறந்து வைத்துக்கொள்வார். நான் மட்டும் இறங்கிப் போவேன். கைக்கு எட்டுகிற தூரத்தில் அரிவாள், கடப்பாரை, உடைந்த பாட்டில் ஏதாவது இருக்கிறதா என்று கண் ஓட்ட வேண்டும். இருந்தால் கிட்டப் போவதில்லை; போலீஸ் வரும்வரை தூரத்தில் நின்று பேச்சு மட்டும். இல்லையென்றால் அடுத்த வேலை கூட்டத்தைக் கலைப்பது.

இந்தக் கலையில் நான் பார்த்த ஆட்களிலேயே கெட்டிக்காரர் என்னோடு வெகுகாலம் ஓடிய பைலட் அண்ணன். 'கலைஞ்சு போங்க' என்றால் ஊர்க்கூட்டம் கலையாது, இன்னும் நெருங்கி வரும். அவர் வேலை கொடுப்பார். 'நாலு பேர் போயி வண்டிக்கு வழி பண்ணுங்கப்பா, அந்த பைக்கெல்லாம் எடுங்க. மாமா, நீங்க அவரு ஆதார் கார்டு, மாத்திரை சீட்டு எல்லாத்தையும் எடுத்தாங்க. அந்த லைட்டப் போடுங்க. யாராச்சும் ஒரு செம்புல தண்ணி.' ஐந்து நிமிடத்தில் முற்றத்தில் மூன்று பேர்தான் மிச்சம் இருப்பார்கள். வீடியோ எடுக்கிற பையனிடம் மட்டும் போனை டார்ச்சாகப் பிடிக்கச் சொல்வார். டார்ச் அடித்துக்கொண்டு வீடியோ எடுத்தால் கை ஆடும் என்று அவனுக்கு விளக்கமும் சொல்வார். உண்மையோ பொய்யோ, பையன் வீடியோவை நிறுத்திவிடுவான்.

பிறகு நான் உட்காருவேன், கட்டப்பட்டவர் உட்கார்ந்திருக்கிற உயரத்துக்கு. நேர் எதிரே உட்காரக் கூடாது. சற்றுப் பக்கவாட்டில், காலை நீட்டினால் படாத தூரத்தில். பேர், வேலை இரண்டையும் சொல்ல வேண்டும். காக்கியும் நீலமும் ராத்திரியில் ஒன்றுபோலத் தெரியும் என்பதால், 'போலீஸ் இல்லைய்யா, ஆம்புலன்ஸ்' என்று தனியாகச் சொல்ல வேண்டும். அடுத்து ஒரே ஒரு கேள்வி: 'கை வலிக்குதா?'

என்ன ஆச்சு, ஏன் இப்படிப் பண்றீங்க, இது யாரு தெரியுதா, மணி என்ன சொல்லுங்க என்று கேட்டால் சண்டைதான் வரும். கை வலிக்குதா என்ற கேள்விக்கு மட்டும் யாரும் கோபப்பட்டுப் பார்த்ததில்லை. கட்டப்பட்டவர், கட்டியவர், நான் மூன்று பேரும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் அந்த வலி. 'வலிக்குது' என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால், 'சரி, ஒரு கைய மொதல்ல அவுத்துவிடுறேன், அந்தக் கையில சோதிச்சுப் பாக்கணும். அடுத்த கைய அப்புறம் பாப்போம்' என்பேன். சொன்னதைச் சொன்னபடி செய்ய வேண்டும். ஒரு கை என்றால் ஒரு கைதான்.

பையில் துணி வெட்டும் கத்தரி இருக்கும். விரல் நீலம் பாய்ந்திருந்தால் ஒழிய அதை எடுக்க மாட்டேன். மிரண்டு இருக்கிற மனிதரின் முகத்துக்குப் பக்கத்தில் இரும்பு மின்னக் கூடாது என்பது ஒரு காரணம். மாடு கட்டிப் பழகிய கை போட்ட சுருக்கு, இழுக்க இழுக்க இறுகும். அவர் திமிறத் திமிற உள்ளே புதைந்திருக்கும். கயிறுக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரலை நுழைத்துத் தாங்கிக்கொண்டு, மறுகையால் முடிச்சை நெகிழ்த்த வேண்டும். அதற்கு இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். அந்த நேரம் முழுக்க என் கை அவர் கையில் இருக்கும். நானும் ஏதாவது பேசிக்கொண்டே இருப்பேன். வெட்டினால் இந்த மூன்று நிமிடம் கிடைக்காது. 'வெட்டிப்புடாதீக, மாட்டுக்கு வேணும்' என்று திண்ணையிலிருந்து ஒரு குரலும் வரும். அதற்குக் கட்டப்பட்டவரே சிரித்ததையும் பார்த்திருக்கிறேன்.

அவிழ்த்த கையில்தான் எங்கள் தொழில் தொடங்குகிறது. ரத்த அழுத்தம் பார்க்கப் பட்டை சுற்ற வேண்டும். இறுகிய கயிறுக்குக் கீழே நாடியும் சரியாகத் தெரியாது, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் உளறும். கடைசியாக விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், சுகர்.

அந்தச் சொட்டு ரத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆலங்குடிப் பக்கம் ஒரு தோப்பு வீடு. அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர். சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவர் திரும்பி வந்து பொண்டாட்டியையே அடையாளம் தெரியாமல் அடிக்கப் பாய்ந்திருக்கிறார். வேர்த்து ஊற்றுகிறது, வாயில் கண்டபடி வசவு. உச்சி வேளையில் புளியமரத்தடியில் போனதுதான் காரணம் என்று முடிவாகி, வேப்பிலையோடு பூசாரியும் வந்து நின்றார். வலது கையை மட்டும் அவிழ்த்து விரலில் குத்திப் பார்த்தால் சுகர் நாற்பதுக்கும் கீழே. மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் போடும் சுகர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டுச் சாப்பிடாமலே திரும்பியிருக்கிறார். எங்கள் கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் டாக்டரிடம் போனில் சொல்லி, அவர் சொன்னபடி 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி நரம்பில் ஏற்றினோம். பாட்டில் முடிவதற்குள் அவர் தலையை நிமிர்த்தி, சுற்றிலும் பார்த்து, 'ஏன்டா என்னையக் கட்டி வச்சிருக்கீங்க?' என்றார். தம்பி முறைக்காரர் ஒருவர் மெதுவாக வேலிப் பக்கம் நழுவினார்.

அதோடு விட்டுவிடக் கூடாது. 'சரியாப் போச்சே, எதுக்கு ஆஸ்பத்திரி?' என்று வீட்டுக்காரர்கள் மறிப்பார்கள். சில சுகர் மாத்திரைகளின் வேகம் நாள் முழுக்க உடம்பில் நிற்கும். ஏற்றிய குளுக்கோஸ் கரைந்ததும் விடிகாலையில் மறுபடி இறங்கும். அன்றைக்குப் பூசாரிதான் எனக்குக் கைகொடுத்தார். 'ஊசி போட்டவுக சொல்றத கேளு' என்று அவர் சொன்ன பிறகுதான் வண்டியில் ஏறினார்கள். பூசாரிகளோடு மல்லுக்கட்டுவது வீண் என்று நான் நினைப்பது இதனால்தான். திருச்சிக்கு மேற்கே குணசீலம் பெருமாள் கோயிலுக்கு மனநலம் குன்றியவர்களைக் கூட்டிப் போகும் வழக்கம் இந்தப் பக்கத்தில் வெகு காலமாக உண்டு. போய்விட்டு வரட்டும். மாத்திரை டப்பாவும் கூடவே போகட்டும்.

மனசு என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் உடம்பைப் பார்த்துத் தீர வேண்டும். முன்பு எந்த மனநோயும் இல்லாத நடுவயதுக்காரர் திடீரென்று ஒரே நாளில் மாறிப்போனால், பழியை முதலில் உடம்பின் மேல் போடு. காய்ச்சல் இருக்கிறதா, தலையில் அடி பட்டதா, வலிப்பு வந்து தெளிகிற நேரமா, வயதானவர் என்றால் ஒன்றுக்குப் போவது எப்படி, உப்புச்சத்து குறைந்திருக்குமா. காதில் குரல் கேட்கிறது என்பவரைவிட, கண்ணுக்கு எதிரே பூச்சி ஊர்கிறது, எலி ஓடுகிறது என்பவரைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். அது பெரும்பாலும் உடம்பின் கூப்பாடு.

பூச்சி என்றதும் கார்த்திகை மாதம் நினைவுக்கு வருகிறது. வருடம் முழுக்க விடாமல் குடித்தவர் ஐயப்பனுக்கு மாலை போட்டு ஒரே நாளில் நிறுத்துகிறார். நல்ல எண்ணம்தான். இரண்டாம் நாள் கை நடுக்கம், தூக்கமில்லை. மூன்றாம் நாள் வேர்வை, படபடப்பு, சுவரெல்லாம் பூச்சி, வாசலில் யாரோ நிற்கிறார்கள் என்ற அலறல். 'சாமி வந்துருச்சு', 'விரதத்துல ஏதோ தீட்டு' என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். குடியை நிறுத்தி இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் வரும் இந்தக் குழப்பம் வைத்தியம் பார்க்காவிட்டால் உயிரைக் கொண்டுபோய்விடும். அதோடு கட்டிப்போட்டு வெயிலில் வைத்தால் கேட்கவே வேண்டாம். திமிறித் திமிறி உடம்புச் சூடு ஏறும், நீர் வற்றும். எனவே மாலை போட்ட கழுத்தைக் கண்டால் நான் கேட்பது, 'கடைசியா என்னைக்குக் குடிச்சாரு?' மாலையைக் கழற்றச் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் முதலில் தயாமின் ஊசி போட்டுத்தான் குளுக்கோஸ் ஏற்றுவார்கள் என்பதால், 'குடியை நிறுத்தியவர்' என்ற தகவலை நான் எழுதிக் கொடுப்பதோடு வாயாலும் சொல்வேன்.

உடம்பு இல்லை, மனசுதான் என்று தெரிந்தபின் எங்கள் கையில் இருக்கும் மருந்து நேரம் ஒன்றுதான். அறந்தாங்கிக்குத் தெற்கே ஒரு வீடு. சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு வந்த பையன் மூன்று நாளாக அறைக்கதவைச் சாத்திக்கொண்டு சாப்பாடு வாங்கவில்லை. போனில் எல்லாரும் தன்னை ஒட்டுக் கேட்கிறார்கள் என்கிறான். அப்பா கடப்பாரையோடு கதவை உடைக்கத் தயாராக நிற்கிறார். கடப்பாரையை வாங்கி வைத்துவிட்டு ஜன்னலுக்குப் பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்தேன்.

'யாரு அனுப்புனா உங்கள?'

'உங்க அப்பா 108க்குப் போன் பண்ணாக தம்பி. அதான் வந்தோம்.'

'அவங்க பேசுறது உங்களுக்குக் கேக்குதா?'

'எனக்குக் கேக்கல. உங்களுக்குக் கேக்குதுன்னு தெரியுது. எத்தனை நாளா?'

கொஞ்ச நேரம் சத்தமில்லை. 'தூங்கவே விட மாட்டேங்கிறாங்க.'

'தூங்குறதுக்கு வழி பண்ணுவமா?'

'கேட்கிறது' என்று நானும் சேர்ந்து பொய் சொல்லக் கூடாது. 'அதெல்லாம் ஒண்ணும் இல்ல' என்று வாதம் பண்ணவும் கூடாது. அவருக்கும் எனக்கும் பொதுவான ஒன்றைத் தேட வேண்டும். அநேகமாக அது தூக்கமாக இருக்கும். இந்தப் பேச்சு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்டது. நடுவில் அவன் அம்மா ஜன்னல் வழியாகக் காப்பி கொடுத்தார். அவன் என் டம்ளரை வாங்கிக்கொண்டு அவனுடையதை எனக்குக் கொடுத்தான். நான் குடித்துக் காட்டிய பிறகு குடித்தான். கதவு திறந்தது. ஸ்டிரெச்சரில் படுக்க மாட்டேன் என்றான். பக்கவாட்டு இருக்கையில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டான். போனை அணைத்து ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டான். சைரன் இல்லாமல் போனோம்.

அவன் அப்பா கிளம்பும் முன் என் காதில், 'கோயிலுக்குப் போறோம்னு சொல்லிக் கூட்டிட்டுப் போயிருங்க சார், ஆஸ்பத்திரின்னா வரமாட்டான்' என்றார். பாதிக் குடும்பங்கள் இப்படித்தான் கேட்கும். நான் செய்வதில்லை. ஒருமுறை பொய் சொல்லி ஏற்றினால் அந்த ஆள் அதை மறக்க மாட்டார். நோய் தணிந்தாலும் நினைவு தணியாது. அடுத்த முறை ஆம்புலன்ஸைக் கண்டதுமே கொல்லைப்புறமாக ஓடுவார். அப்போது கயிறுதான் மிஞ்சும்.

நேரக் கணக்கு என்று ஒன்று எங்கள் தொழிலில் இருக்கிறது. அழைப்பு வந்து எத்தனை நிமிடத்தில் கிளம்பினோம், எத்தனை நிமிடத்தில் சேர்ந்தோம் என்பதெல்லாம் பதிவாகும். மாரடைப்புக்கும் விபத்துக்கும் அது சரி. 2005 ஆகஸ்ட் 15இல் ஹைதராபாத்தில் தொடங்கி 2008 செப்டம்பர் 15இல் தமிழ்நாட்டுக்கு வந்த இந்த 108 சேவை எத்தனையோ பிரசவங்களையும் விபத்துகளையும் காப்பாற்றியது அந்த வேகத்தால்தான். ஆனால் ஜன்னலோரத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் வண்டி, அதே நேரத்தில் அடுத்த ஊர் நெஞ்சுவலிக்குப் போக முடியாத வண்டி. இந்த இழுபறிக்கு என்னிடம் பதில் இல்லை. ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் 2015இல் மனநல நெருக்கடிக்கென்றே ஒரு தனி ஆம்புலன்ஸ் விட்டார்கள்; ஸ்டிரெச்சருக்குப் பதில் இருக்கைகள், இரண்டு மனநலச் செவிலியர், ஒரு ஆம்புலன்ஸ் பணியாளர். மணமேல்குடிக்கும் விராலிமலைக்கும் நடுவே அப்படி ஒரு வண்டி ஓடினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று பைலட் அண்ணனிடம் சொன்னேன். 'மொதல்ல நம்ம வண்டிக்கு ஏசி வேலை செய்யட்டும்' என்றார்.

எப்போதும் பேச்சு பலிக்கும் என்று சொல்ல வரவில்லை. தன் தலையைச் சுவரில் முட்டிக்கொள்பவரை, குழந்தையின் மேல் பாய்பவரைப் பிடித்துத்தான் ஆக வேண்டும். அப்போது மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். குப்புறப் போடவே கூடாது. முதுகில் முழங்காலை ஊன்றவோ கழுத்தை வளைக்கவோ கூடாது. அகலமான மெத்துத் துணியால் ஒரு கையை மேலாகவும் ஒரு கையைக் கீழாகவும் ஸ்டிரெச்சரோடு சேர்க்கலாம். நெஞ்சுக்குக் குறுக்கே எதுவும் வேண்டாம். சில நிமிடத்துக்கு ஒருமுறை விரல் நிறம், நாடி, மூச்சு பார்க்க வேண்டும். புதிதாக வரும் பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒன்று உண்டு: திமிறிக்கொண்டிருந்தவர் சட்டென்று அடங்கினால், 'அப்பாடா' என்று சாயாதே, மூச்சு இருக்கிறதா பார். குப்புற அமுக்கப்பட்டுத் திமிறிய உடம்பில் மூச்சும் இதயமும் நின்றுபோவது உலகம் முழுக்க நடந்திருக்கிறது. பிடித்திருப்பவர்கள் அதை அமைதி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

'ஊசியப் போட்டுத் தூங்க வைங்க சார்' என்பது ஊரின் அடுத்த கோரிக்கை. டாக்டர் உத்தரவில்லாமல் நாங்கள் போட முடியாது, போடவும் கூடாது. ஆஸ்பத்திரியில் போடும் ஊசியில் ஆராய்ச்சி நடந்ததே நம் ஊரில்தான். வேலூர் சி.எம்.சி.யில் கொந்தளிப்போடு வந்த 200 நோயாளிகளை வைத்து, லோராசிபாம் ஊசியையும் ஹாலோபெரிடாலோடு புரோமெதசின் சேர்த்துப் போடுவதையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டும் வேலை செய்தன. பின்னது சீக்கிரம் தூங்க வைத்தது. 2004இல் வெளிவந்த அந்த முடிவை வெளிநாட்டுக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அதெல்லாம் மருத்துவர் பக்கத்தில் இருக்கும் இடம். அமெரிக்காவின் அரோரா நகரில் 2019இல் எலைஜா மெக்லெய்ன் என்ற 23 வயது இளைஞரைப் போலீஸ் கழுத்தைப் பிடித்து அமுக்கியது. வந்த ஆம்புலன்ஸ்காரர்கள் 500 மில்லிகிராம் கீட்டமின் போட்டார்கள். அவர் பிழைக்கவில்லை. அந்த இரண்டு ஆம்புலன்ஸ்காரர்களும் 2023 டிசம்பரில் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அந்தச் செய்தி வந்த நாளில் எங்கள் வாட்ஸப் குழுவில் வெகுநேரம் யாரும் காலை வணக்கம் போடவில்லை.

சட்டமும் கயிற்றின் பக்கம் இல்லை. பக்கத்து மாவட்டமான ராமநாதபுரத்தில், ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 விடிகாலையில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் போனார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியிடுவதை எந்த வடிவிலும் கூடாது என்று 95ஆம் பிரிவில் தடை செய்கிறது. உடலைக் கட்டுப்படுத்துவதே வேறு வழி இல்லாத, கண்ணெதிரே ஆபத்து இருக்கும் நேரத்துக்கு மட்டும். தேவைக்கு மேல் ஒரு நிமிடமும் கூடாது. எழுதி வைக்க வேண்டும் என்கிறது 97. எங்கள் நோயாளிப் பதிவுத்தாளில் கயிறுக்கென்று கட்டம் கிடையாது. நான் ஓரத்தில் எழுதுவேன்: எத்தனை மணிக்குக் கட்டினார்களாம், எந்தக் கை, எத்தனை மணிக்கு அவிழ்த்தேன், விரலில் உணர்ச்சி எப்படி. ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் அதைப் படித்துவிட்டு நேராகக் கையைப் புரட்டிப் பார்த்தார். ஓர வரிக்கு அது போதும்.

கட்டாமலே கட்டிவைத்திருக்கும் வீடுகளும் உண்டு. பிரசவித்து ஒன்பதோ பத்தோ நாளான பெண். தாய்வீட்டில் ஒரு உள்ளறை. கதவுக்கு வெளியே தாழ்ப்பாள். பிள்ளை தன்னுடையது இல்லை, மாற்றிவிட்டார்கள் என்கிறாள். சிரிக்கிறாள், அழுகிறாள், தூங்குவதில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று தாழ்ப்பாள். ஆயிரம் பிரசவத்துக்கு ஒன்று இரண்டு இப்படி ஆகும், பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள். வைத்தியத்தால் நன்றாகக் குணமாகிற நோய். ஆனால் தாய்க்கும் பிள்ளைக்கும் உயிராபத்து உள்ள நோய். அங்கே நான் ஆண் என்பதே இடைஞ்சல். கிராம சுகாதார செவிலியர் அக்காவைக் கூப்பிட்டேன். கர்ப்பத்திலிருந்து அவளுக்குப் பழகிய முகம். அவர் உள்ளே போய், 'ஆத்தா, பால் கட்டிக்கிட்டு வலிக்குதா?' என்றுதான் ஆரம்பித்தார். என்னுடைய 'கை வலிக்குதா'வை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பிள்ளையைப் பாட்டி மடியில் வைத்து, அவள் பார்க்கிற தூரத்தில் கூடவே கூட்டிப்போனோம். பிள்ளையைப் பிரித்துவிட்டுப் போயிருந்தால் அவள் சந்தேகத்துக்கு நாங்களே சாட்சி சொன்ன மாதிரி ஆகியிருக்கும்.

விஷம் குடித்த வீடுகளில் கட்டு வேறு மாதிரி: வாய்க்கட்டு. 'தண்ணின்னு நெனச்சு தெரியாமக் குடிச்சிட்டான்.' எல்லா வீட்டிலும் இதே வாசகம். கேஸ் ஆகிவிடும், ஜெயில் என்ற பயம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது, அரசு கவனிக்க வேண்டும் என்று அதே 2017 சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவு கிடையாது. ஆஸ்பத்திரியில் போலீஸுக்குத் தகவல் போகும், கேள்வி கேட்பார்கள். அதைத் தண்டனை என்று குடும்பம் எடுத்துக்கொள்கிறது. நான் வண்டிக்குள் இவ்வளவுதான் சொல்வேன்: 'என்ன குடிச்சீங்க, எப்பக் குடிச்சீங்கன்னு உண்மையச் சொன்னா டாக்டர் சரியான மருந்து குடுப்பாரு. டப்பா இருந்தா எடுத்தாங்க. உங்க மேல கேஸ் வராது.' உறவினர்கள் திட்டத் தொடங்கினால் அவர்களை முன்னிருக்கைக்கு அனுப்பிவிடுவேன். ஸ்டிரெச்சரில் இருப்பவரிடம், 'சாகணும்ங்கிற நெனப்பு இப்பவும் இருக்கா?' என்று நேராகவே கேட்பேன். கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்பது வெறும் பயம். கேட்டால் ஆள் அழுவார். அழுகிறவரோடு பேச முடியும்.

கட்டவும் ஆளில்லாதவர்கள் பஸ் ஸ்டாண்டுகளில் இருக்கிறார்கள். சடை விழுந்த தலை, காலில் புழு வைத்த புண், சில சமயம் நமக்குப் புரியாத மொழி. அவர்களைக் காவல்துறை பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்தில் சேர்க்க வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது என்பது சட்டத்தின் 100ஆம் பிரிவு. ஆனால் சேர்ப்பதற்கு இடம்? 2018இல் தமிழக அரசு மனநல அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்களை முதலில் சில மாவட்டங்களில் தொடங்கியபோது புதுக்கோட்டையும் அதில் ஒன்றாக இருந்தது. அதற்கு முன்னால் இவர்களை ஏற்றிக்கொண்டு எங்கே இறக்குவது என்பது எங்களுக்குப் பெரிய தலைவலி. புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டு, 'மறுபடி பஸ் ஸ்டாண்ட்தானே' என்று பைலட் அண்ணன் முணுமுணுப்பார். மையம் வந்த பிறகு அதே ஆட்களில் ஒருவரைச் சில மாதம் கழித்து, சவரம் செய்த முகத்தோடு தோட்டத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது பார்த்தேன். அவருக்கு என்னைத் தெரியவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது கூட வந்தவர்கள் கேட்பது ஒன்றே: 'திரும்ப வந்தா என்ன சார் பண்றது?' அதற்கு நான் ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பது தூக்கக் கணக்கு. இரண்டு ராத்திரி சேர்ந்தாற்போல் தூங்காவிட்டால், அல்லது மாத்திரையைத் துப்பத் தொடங்கினால், அன்றைக்கே பேசுங்கள். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இரவு பகல் இலவசம், 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. 104லும் ஆலோசனை கிடைக்கும். மாத்திரை தீர்வதற்கு ஐந்து நாள் முன்னாலேயே போய் வாங்கிக்கொள்ளுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து ரோடெல்லாம் தென்னை விழுந்து கிடந்தபோது, மாத்திரை தீர்ந்த வீடுகளில்தான் முதலில் சிக்கல் வந்தது. ஆள் பாய்ந்த பிறகு எங்களைக் கூப்பிடுவதைவிட, பேச்சு மாறத் தொடங்கும்போதே கூப்பிடுங்கள், நெஞ்சுவலி என்று சொல்ல வேண்டியதில்லை, உள்ளதைச் சொன்னாலும் வண்டி வரும். சீட்டை வாங்கிக்கொண்டு பலர், 'அப்ப அந்த நேரத்துல அவன எப்படிப் பிடிச்சு வைக்கிறது?' என்று கேட்பார்கள். கதவுக்குக் குறுக்கே நிற்காதீர்கள், அவருக்குப் பிடித்த ஒருத்தர் மட்டும் பக்கத்தில் உட்காரட்டும், டிவியை நிறுத்துங்கள், கத்தி அரிவாளை அப்புறப்படுத்துங்கள், காப்பி கொடுத்தால் ஆறவைத்துக் கொடுங்கள் என்பேன். சூடான காப்பி முகத்தில் பட்டுத் திரும்பிய மாமியார் ஒருவரின் யோசனை அந்தக் கடைசி வரி.